மகளை வெளியே அனுப்பிய வக்கீல்

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஹோலி முடிந்து, டெல்லியில் ஸ்வெட்டர்களைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைக்கிற சமயம். நாங்கள் அப்போது முனிர்காவில் மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முனிர்காவைக் கிராமம் என்பார்கள். வயலும் வரப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டில் ரசம் கொதித்தால் எதிர்வீட்டுக்காரர் தும்முவார், அப்படி நெருக்கமான சந்துகள். பக்கத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களில் சிலருக்கு நான் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரொட்டி தின்று நாக்கு செத்துப்போன பிள்ளைகள் என்பதால், உப்புக் குறைந்தால்கூட "சூப்பர்க்கா" என்றுதான் சொல்வார்கள்.

என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்தார். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ஆபீஸ் விட்டால் வீடு, வீட்டை விட்டால் ஆபீஸ். என்னோடு பேசவும் மாட்டார்.

எந்தச் சண்டையில் ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவருடைய தங்கை கல்யாணத்தில் நான் ஏதோ சொன்னேன், அதற்கு அவர் ஏதோ சொன்னார். நாலு நாளில் தன்னால் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே காத்திருந்தோம். காத்திருந்ததிலேயே வருடங்கள் போய்விட்டன. பிறகு பேசினால்தான் விசித்திரமாக இருக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

அதற்காக வீட்டில் வேலை நிற்குமா? எல்லாம் எங்கள் மகள் மூலமாக நடந்தது. "பாப்பா, அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு சீக்கிரம் கிளம்பணும்." "பாப்பா, அப்பாகிட்ட கேளு, சப்பாத்தியா தோசையா." ஒரே அறைக்குள் மூன்று பேரும் இருக்கும்போதே இப்படித்தான். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தோசையாம்" என்பாள். வேணுமாம், வேண்டாமாம், வர்றாங்களாம், இல்லையாம். அவள் எங்களிடம் பேசியதில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது.

ஊரிலிருந்த என் அக்காவிடம் ஒருமுறை போனில் அழுதேன். "குடிக்கிறாரா? இல்ல. அடிக்கிறாரா? இல்ல. வாயை மூடிக்கிட்டு இருக்கிற புருஷன் எத்தனை பேருக்குடி கிடைக்கும்? எங்க வீட்டுல வந்து ஒரு நாள் இருந்து பாரு" என்றாள். அதோடு யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன்.

அந்த மார்ச் மாதம் மகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மோதி பாக்கில் பள்ளிக்கூடம். ஒருநாள் மத்தியானம், நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது சமையலறைப் பக்கம் வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்திருச்சாம். மதுரைக்கு. நான் அங்கதான் டென்த் படிக்கணுமாம். ஸ்கூல்ல டிசிக்குக் கேட்டாச்சாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ வர்றதுன்னா வரலாமாம். இல்லேன்னா உன் இஷ்டமாம்."

கட்டின மனைவியிடம் கணவன் சொல்ல வேண்டிய வார்த்தை இது. அதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை, பள்ளிக்கூட ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து சொல்கிறது. கடுகு கருகியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவரோடு மதுரைக்குப் போனால், மாமனார் மாமியார் இருக்கிற வீட்டில் இதே ஊமை நாடகத்தை ஆயுசுக்கும் நடிக்க வேண்டும். போகாவிட்டால் பிள்ளை போய்விடும். அன்று சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கல்யாணம் போதும். பிள்ளை என்னோடு இங்கேயே இருக்க வேண்டும். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும்.

டெல்லித் தமிழர்களுக்கு எல்லாவற்றுக்கும் 'நம்ம ஆளு' ஒருவர் இருக்க வேண்டும். காபித்தூளுக்கு ஒரு நம்ம ஆளு, கணபதி ஹோமத்துக்கு ஒரு நம்ம ஆளு, பல் பிடுங்க ஒரு நம்ம ஆளு. பஞ்சாபி டாக்டர் பிடுங்கினால் பல் வராதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் அதே புத்திதான். தமிழ் பேசுகிற வக்கீல் என்றால் மனசு விட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பார்க்கிற ஒரு அக்காவிடம், என் சிநேகிதி ஒருத்திக்கு டைவர்ஸ் வக்கீல் தேவைப்படுகிறது, தமிழ் ஆளாக யாரும் உண்டா என்று கேட்டேன்.

"எந்த சிநேகிதி?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா."

"முனிர்காவுல எனக்குத் தெரியாத தமிழ்ப் பொம்பளையா?" என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு நம்பரைக் கொடுத்தார்.

புசா ரோடு பக்கத்தில் அந்த வக்கீலுக்கு வீட்டிலேயே ஆபீஸ். பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பார்த்ததுமே பாதி பாரம் இறங்கியது போல இருந்தது.

"எந்த ஊரும்மா?"

"சாத்தூர்ப் பக்கம் சார்."

"அடடே, நான் கோவில்பட்டி. மாப்பிள்ளைக்கு?"

"பூர்வீகம் அருப்புக்கோட்டை. இப்ப அவங்க அப்பா அம்மா மதுரையில இருக்காங்க."

"அருப்புக்கோட்டையில யாரு வீடு?"

இந்தக் கேள்வியோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கோ வாயெல்லாம் பல். வந்த இடத்தில் இப்படித் தெரிந்தவராக அமைந்துவிட்டாரே என்று சந்தோஷம். யார் வீடு, எந்தத் தெரு, என்ன கடை என்று வரிசையாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என் மாமனாரின் அண்ணனும் இவருடைய மாமாவும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார். அவர் மனைவி காபி கொடுத்தார். நான் நாத்தனார் கல்யாணத்தில் ஆரம்பித்து, யார் எந்தப் புடவைக்கு மூஞ்சியைத் தூக்கினார்கள் என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டைவர்ஸெல்லாம் நமக்கு எதுக்கும்மா? பேசினா தீராத விஷயமா இது? நான் பேசறேன்" என்றார்.

"பேச வேண்டாம் சார். கேஸ் போட்டாப் போதும்."

"போடுவோம், போடுவோம். மொதல்ல பேசிப் பாப்போம்."

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது அந்த மனிதருக்கு. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் மனசாரச் செய்தார். நான் ஜனக்புரியில் மெட்ரோ மாறி முனிர்கா வந்து சேர்வதற்குள் விஷயம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ஸ்டேஷன் படி ஏறும்போது என் அண்ணன் போன் செய்தான். "என்ன, வக்கீல் வீட்டுக்குப் போனியாமே" என்றான். அடுத்து அக்கா. அதற்கடுத்து மாமியார். மாமியார் ஒன்றும் பேசவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

என் கணவருக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஆபீஸிலிருந்து வந்தார், கை கால் கழுவினார், சாப்பிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபமாவது பட்டிருக்கலாம். தட்டையாவது தூக்கி எறிந்திருக்கலாம். நான் அதற்குக்கூட லாயக்கில்லை என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் மகள்தான் வந்தாள்.

"பரீட்சை முடிஞ்ச மறுநாளே ட்ரெயினாம். எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாச்சாம்."

இனிமேல் நாளைக் கடத்த முடியாது என்று புரிந்தது. சாத்தூரையும் கோவில்பட்டியையும் வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒரு வக்கீல் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். எங்கே போய்த் தேடுவது? நான் வாய்விட்டுப் புலம்பியது மகள் காதில் விழுந்திருக்கிறது.

"நம்ம கலி முனையில, மொபைல் கடைக்கு மேல ஒரு வக்கீல் ஆன்ட்டி இருக்காங்கம்மா. என் கிளாஸ் பொண்ணோட மம்மிக்கு அவங்கதான் கேஸ் பாத்தாங்க" என்றாள்.

கலி என்றால் சந்து. அந்தச் சந்து முனையில்தான் நான் தினமும் காய்கறி வண்டிக்காரரோடு மல்லுக்கு நிற்பேன். அண்ணாந்து பார்த்தால் போர்டு. ஹிந்தியில் எழுதியிருந்ததால் நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அந்த போர்டுக்குக் கீழே கொத்தமல்லி வாங்கிக்கொண்டே, வக்கீலைத் தேடி டெல்லியைச் சுற்றி வந்திருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெல்லியில் எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகள்தான் ஹிந்திக்கு வாய். எனக்குத் தெரிந்தது சந்தை ஹிந்தி. சண்டை போட்டு ஒரு கட்டுக் கீரை கூடுதலாக வாங்கிவிடுவேன், அதற்கு மேல் ஓடாது. கேஸ் சிலிண்டர் கம்பெனியா, ஆஸ்பத்திரியா, வீட்டுக்காரியிடம் தண்ணீர் மோட்டார் பஞ்சாயத்தா, எல்லாவற்றுக்கும் மகள் கூட வருவாள். பல் முளைத்த நாளிலிருந்து பேசிப் பேசி, சாதாரண ஹிந்தி, மரியாதையான ஹிந்தி, அதட்டுகிற ஹிந்தி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் மாடியில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். பிள்ளை பேசுவதைப் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் வக்கீலிடம் போகும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. பையை எடுத்துக்கொள்கிற மாதிரி, "வாடி" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம். குறுகலான படி. மேலே சின்ன அறை, ஒரு மேஜை, நாற்காலி முதுகில் தொங்கிய கறுப்புக் கோட்டு. வக்கீல் ஹரியானாக்காரர், என்னைவிட இளையவர். கோர்ட்டிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். எனக்கு ஹிந்தி சரியாக வராது, இவள் பேசுவாள் என்று மகளைக் காட்டினேன். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பார் போல. சரி என்று பேனாவை எடுத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

"அடிக்கிறாரான்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

"இல்லேன்னு சொல்லு."

"நஹி."

"குடிப்பாரான்னு கேக்கறாங்க."

"இல்ல."

"நஹி."

அடுத்த கேள்வியை வக்கீல் கேட்டதும் மகள் நின்றுவிட்டாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சாமி படம் இருந்தது, அதையே பார்த்தாள்.

"என்னடி கேக்கறாங்க?"

"அப்பாவுக்கு வேற யாராவது..." என்று இழுத்தாள். "நீயே புரிஞ்சுக்கோம்மா."

"சேச்சே. இல்லேன்னு சொல்லு."

"நஹி" என்றாள். இந்த முறை சத்தமே வரவில்லை.

அப்புறம் என்னதான் பிரச்சினை என்று வக்கீல் கேட்டார். அது எனக்கே புரிந்தது. நான் மகளைப் பார்த்து, "அவரு எங்கிட்ட பேசறதே இல்ல. எதுவா இருந்தாலும் உங்கிட்டதான் சொல்லி அனுப்புறாரு. அதைச் சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். அப்பா அம்மாவிடம் பேசுவதில்லை, எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறார் என்று, எதையும் கூட்டாமல் குறைக்காமல் ஹிந்தியில் சொன்னாள்.

வக்கீல் நிமிர்ந்தார். "துஜ்ஸே? தூ கௌன் ஹை?" உன்னிடமா, நீ யார் என்று.

"பேட்டி ஹூம்" என்றாள் அவள். மகள் என்று.

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம் எந்த வகுப்பு என்று கேட்டார், பரீட்சை நடக்கிறதா என்று கேட்டார். நாளைக்கு என்ன பரீட்சை?

"மேத்ஸ்" என்றாள் அவள்.

அதை நானே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வக்கீல் மகளை வீட்டுக்குப் போய்ப் படிக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். "நீ போயிட்டா யாருடி பேசுறது?" என்றேன் நான். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும். "தூ ஜா, பேட்டா" என்று கதவைக் காட்டினார்.

மகள் போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நடந்து இறங்கவில்லை, ஓடினாள். விட்டால் போதும் என்று ஓடுகிற ஓட்டம் அது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறையிலிருந்துகூட அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் கீழே போய் நின்றது.

"இப்போது சொல்லுங்கள்" என்றார் வக்கீல்.

எனக்கு ஹிந்தி வராது என்றேன். எவ்வளவு வருமோ அவ்வளவில் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு வந்த ஹிந்தியில் என்ன இருந்தது? புதுசு, பழசு, அழுகினது, கொஞ்சம், நிறைய, வேண்டும், வேண்டாம். கோவில்பட்டி வக்கீலிடம் தமிழில் அத்தனை நேரம் சொன்னேனே, நாத்தனார் கல்யாணம், புடவை, அவர்கள் வீட்டுப் பழக்கம், எங்கள் வீட்டுப் பழக்கம், அதில் ஒன்றைக்கூட ஹிந்தியில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கடைசியில் வந்தது இதுதான்.

"ஆத்மி நஹி சாஹியே. பேட்டி சாஹியே."

புருஷன் வேண்டாம். மகள் வேண்டும். கத்தரிக்காய் வேண்டாம், வெண்டைக்காய் கொடு என்பது போல அப்படியே வெளியே வந்துவிட்டது. வக்கீல் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை மிச்ச டீயைக் குடித்தார்.

பிறகு மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். பேசாமல் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி டைவர்ஸ் வாங்குவது சுலபமில்லை, இழுத்துக்கொண்டே போகும். இரண்டு பேரும் சம்மதித்தால் சீக்கிரம் முடியும். மகள் விஷயம் வேறு. அவள் பிறந்து வளர்ந்து படிப்பது இங்கே, அதனால் அதற்கான மனுவை இங்கேயே போடலாம். டிசி வாங்க அம்மாவுக்குச் சம்மதமில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு உடனே எழுதிக் கொடுக்கலாம். விவரம் தெரிந்த வயது என்பதால் நீதிபதி அவளையும் கேட்பார். இந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. எழுந்திருக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் நான் அனுப்புகிறேன், ஆனால் இனிமேல் உங்கள் மகளிடம் நீங்கள் எதையும் சொல்லி அனுப்பக் கூடாது, அவரும் அனுப்பக் கூடாது, அதற்கு ஒத்துக்கொண்டால் மட்டும்தான் இந்தக் கேஸை எடுப்பேன் என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செய்தது அவர். பேச்சை நிறுத்தியது அவர். என்னை எதற்கு அவரோடு சேர்த்துக் கட்டுகிறார் இந்தப் பெண் என்று தோன்றியது. நான் கேட்டது வக்கீலை, டீச்சரை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினேன். ஆனால் அந்தச் செருப்புச் சத்தம் என் கூடவே இறங்கி வந்தது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் பெற்ற பிள்ளையை உட்கார வைத்து, "உங்கப்பாவுக்கு வேறு பெண் தொடர்பு இல்லை என்று சொல்லு" என்று சொன்னது அவரில்லை, நான்தான். வீடு வருவதற்குள் கோபம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

வீட்டுக்குள் போனபோது அவர் ஆபீஸிலிருந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் கணக்குப் புத்தகத்தோடு தரையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், ஏதோ சேதி இருக்கும் என்று, எழுந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். யாரும் கூப்பிடாமலே.

"நீ உள்ள போய்ப் படி" என்றேன்.

அவள் போனாள். நான் அவர் முன்னால் போய் நின்றேன். நின்ற பிறகுதான் இன்னொரு கஷ்டம் தெரிந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது? 'ஏங்க' என்ற வார்த்தையை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேசாமல் டிவியை அணைத்தேன்.

"பாப்பா, என்னன்னு கேளு" என்றார் அவர், உள்ளறைப் பக்கம் பார்த்து.

"அவளைக் கூப்பிடாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு மீசையில் அவ்வளவு நரை வந்திருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வக்கீலப் பாத்துட்டேன். நோட்டீஸ் வரும். அவ இங்கயேதான் படிப்பா."

வாயைத் திறந்தபோது அவர் குரல் கரகரத்தது. "அவளைக் கேட்டியா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் கேட்கவில்லைதான். "நீங்க கேட்டீங்களா? கேட்டா டிக்கெட் போட்டீங்க?" என்றேன். அவரும் கேட்டிருக்கவில்லை. மகளை வைத்து இரண்டு பேரும் இத்தனை வருடம் என்னென்னவோ கேட்டிருக்கிறோம், மகளை ஒன்றும் கேட்டதில்லை.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வெளியே வந்தாள். வழக்கமாக நிற்கிற நடு இடத்துக்கு வராமல், வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"நான் மதுரை போகல. இங்கயே டென்த் முடிக்கறேன்" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "லீவுக்கு வருவேன்ப்பா. ப்ராமிஸ்" என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. "ஆனா இனிமே ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்ல மாட்டேன். போதும். எனக்கு ரொம்ப டயர்டா இருக்கு."

பதினான்கு வயதுப் பிள்ளை சொல்கிற வார்த்தையா அது. அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. இருவருக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் தனியாக மதுரைக்குப் போனார். மகளின் டிக்கெட்டை அவரே கேன்சல் செய்துவிட்டார். நோட்டீஸ் போன பிறகு, சண்டை போடாமல் இரண்டு பேரும் சம்மதித்தே பிரிவது என்று ஆயிற்று. அதற்கும் கோர்ட் அதற்கான காலத்தை எடுத்துக்கொண்டது. ஊரில் என்னைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. அண்ணன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்யாணமாகி எங்களுக்குள் அதிகம் பேசிக்கொண்டது குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சலிங்குக்கென்று உட்கார வைத்த அந்த அறையில்தான். விடுமுறைக்கு மகள் எப்போது வருவாள், யார் ரயில் ஏற்றிவிடுவது, அவளுக்குப் பவர் கூடியிருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்பது போன்ற சாதாரண விஷயங்கள். இப்படி முன்பே பேசியிருந்தால் என்று நினைக்காமல் இல்லை. ஆனாலும் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. முனிர்காவிலேயே அதைவிடச் சின்ன வீடு ஒன்றுக்கு நாங்கள் இருவரும் மாறினோம். சாப்பாட்டு வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறேன்.

புது வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். கை வேலையில் இருந்ததால் தலையை நிமிர்த்தாமலே, "என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், நான் கேட்கிறேன் பாருங்கள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. சும்மாதான் வந்தேன்" என்றாள்.

கிரைண்டரை நிறுத்தினேன். அவள் மேடை மேல் ஏறி உட்கார்ந்து, வகுப்பில் புதிதாக வந்த பெண்ணைப் பற்றி, பஸ்ஸில் யாரோ பாடிக்கொண்டு வந்ததைப் பற்றி, பாதி தமிழிலும் பாதி ஹிந்தியிலும் சொல்லிக்கொண்டே போனாள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. நடுவில் ஒரு கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகளுக்குச் சொல்ல அவளுடைய பேச்சு என்று இவ்வளவு இருந்திருக்கிறது, அதைக் கேட்க எனக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டிருக்கிறார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், அதைவிட அதிகமாக நிம்மதியாகவும் இருக்கிறது.